ஃபயர் எம்பளம் வீரர்களை எடைபோடுவது எப்படி: கணக்கோடு வாதாட ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை. குலை ஏற்றி வரும் லாரி முதலில் பாரத்தோடு மேடையில் ஏறும். பழத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலியாக மறுபடி ஏறும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால்தான் பழம் எவ்வளவு என்று தெரியும். பாரத்தோடு நிற்கிற லாரியை மட்டும் பார்த்து யாரும் சீட்டு எழுத மாட்டோம்.

ஃபயர் எம்பளம் என்ற வீடியோ கேமை ஆடுகிறவர்கள் பலர் அப்படித்தான் சீட்டு எழுதுகிறார்கள். இருபதாவது லெவலில் நிற்கிற ஒருவனுடைய எண்களைப் பார்த்து "இவன்தான் இந்த ஆட்டத்திலேயே பெரிய ஆள்" என்கிறார்கள். அவனை அந்த லெவலுக்குக் கொண்டுபோக எத்தனை சுற்று செலவானது, எத்தனை பேர் வாயிலிருந்து அனுபவப் புள்ளியைப் பிடுங்கிக் கொடுத்தோம், அவன் வளர்கிற வரைக்கும் யார் முன்னால் நின்று அடி வாங்கினார்கள் என்று கழிப்பதில்லை.

சனிக்கிழமை இரவு எங்கள் ஒட்டுக்கடை மேசையில் ஆறேழு பேர் கூடுவோம். எல்பில், கமுனிங் பக்கத்து லயங்களில் வளர்ந்தவர்கள், இப்போது தாமான் வீடுகளில் இருக்கிறவர்கள். கேம் பாய் அட்வான்ஸில் ஆரம்பித்தவர்களும் உண்டு, 2019இல் ஸ்விட்சில் வந்த திரீ ஹவுசஸில் ஆரம்பித்தவர்களும் உண்டு. எந்த ஆட்டம் கஷ்டம், எந்த யூனிட் (களத்தில் இறங்கும் ஆள்) தேறும், எது தேறாது என்று பேச ஆரம்பித்தால் தே தாரிக் ஆறிப்போகும். பல வருடம் வாயால் மட்டும் அடித்துக்கொண்டோம். பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டோம். அதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் உருவாக்கி நின்டெண்டோ வெளியிடும் தொடர் இது. முதல் ஆட்டம் 1990 ஏப்ரலில் ஜப்பானில் ஃபாமிகாமுக்கு வந்தது. ஜப்பானுக்கு வெளியே கிடைத்த முதல் ஆட்டம் 2003இல் வந்த பிளேசிங் பிளேட். கட்டம் போட்ட களத்தில் ஒரு சுற்று நாம் நகர்த்துவோம், ஒரு சுற்று எதிரி நகர்த்துவான். தொடரின் பழைய வழக்கப்படி களத்தில் விழுந்தவன் திரும்பி வரமாட்டான். இவ்வளவு வாக்குவாதத்துக்கும் வேர் அதுதான்.

முதல் படி: எந்த விதியில் ஆடினாய் என்று சொல்

வாதம் தொடங்குமுன் ஐந்து விஷயங்களைச் சொல்லவேண்டும். எந்த ஆட்டம், எந்த கடினம், விழுந்தவன் திரும்பி வருவானா, சுற்றைப் பின்னோக்கி ஓட்டலாமா, களத்துக்கு வெளியே போய் லெவல் ஏற்றலாமா. இதைச் சொல்லாமல் "அந்த ஆளு வேஸ்ட்" என்று ஆரம்பித்தால் எங்கள் மேசையில் யாரும் காது கொடுப்பதில்லை.

கடினத்தின் பெயரே ஏமாற்றும். வீயில் 2007இல் வந்த ரேடியண்ட் டான் ஆட்டத்தில் ஜப்பானியப் பதிப்பின் நார்மல், ஹார்ட், மேனியாக் மூன்றும் ஆங்கிலப் பதிப்பில் ஈசி, நார்மல், ஹார்ட் என்று பெயர் மாறின. "நான் நார்மல்லதான் ஆடுனேன், அதுவே அவ்வளவு கஷ்டம்" என்கிறவர் உண்மையில் ஆடியது ஜப்பானியர்களின் ஹார்ட். அவர் பொய் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் சிரித்தால் தப்பு சிரித்தவர் மேல்தான்.

விழுந்தவன் திரும்பி வரும் கேஷுவல் முறை 2010இல் ஜப்பானில் மட்டும் வந்த நியூ மிஸ்டரியில் தொடங்கியது. ஃபேட்ஸில் ஃபீனிக்ஸ் என்று இன்னொன்று உண்டு, அதில் அடுத்த சுற்றிலேயே எழுந்து நிற்பான். திரீ ஹவுசஸிலும் எங்கேஜிலும் சுற்றைப் பின்னோக்கி ஓட்டலாம். இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் குறைச்சல் இல்லை. ஆனால் யூனிட்டின் மதிப்பு மாறிவிடும். பின்னோக்கி ஓட்ட முடிந்தால், அடி பலமாகவும் தற்காப்பு மெல்லிசாகவும் உள்ள வாள்வீரன் உயர்ந்துவிடுவான், ஏனென்றால் அவன் தவறவிட்ட அடியை அழித்துவிடலாம். விழுந்தால் விழுந்ததுதான் என்று ஆடினால் கேடயக்காரனுக்கு மரியாதை கூடும்.

இரண்டாம் படி: கழித்தல் கணக்கைப் பழகு

இதுதான் முக்கியம், இதில் அவசரப்படாதீர்கள்.

இந்தத் தொடரில் அடி என்பது கழித்தல். பலத்தோடு ஆயுதத்தின் வலிமையைக் கூட்டி, அதிலிருந்து எதிரியின் தற்காப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் விழும் அடி. பெருக்கல் இல்லை, சதவீதம் இல்லை. அதனாலேயே சின்ன வித்தியாசம் களத்தில் பெரிதாகிவிடுகிறது.

சேக்ரட் ஸ்டோன்ஸ் ஆட்டத்தின் இரண்டு குதிரைவீரர்களை எடுத்துக்கொள்வோம். சேத் ஏற்கெனவே பாலடின், அதாவது நிலை உயர்ந்த குதிரைவீரர். உயிர் 30, பலம் 14, வேகம் 12, தற்காப்பு 11 என்று வருகிறார். பிரான்ஸ் இளம் கவாலியர். உயிர் 20, பலம் 7, வேகம் 7, தற்காப்பு 6.

எதிரியின் மொத்தத் தாக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். சேத்துக்கு ஓர் அடியில் 4 போகும். ஏழு அடி வாங்கிய பிறகும் 2 உயிரோடு நிற்பார். பிரான்ஸுக்கு ஓர் அடியில் 9 போகும். இரண்டு அடிக்குப் பிறகு அவனும் 2 உயிரோடு நிற்பான், மூன்றாவதில் விழுவான். தற்காப்பில் இருந்த வித்தியாசம் 5, உயிரில் இருந்த வித்தியாசம் 10. ஆனால் ஒருவர் ஏழு அடி தாங்குகிறார், இன்னொருவர் இரண்டு.

இப்போது கடினத்தை ஒரு படி உயர்த்தி எதிரியின் தாக்கை 17 ஆக்குங்கள். சேத்துக்கு அடி 6, நான்கு அடி தாங்குவார், ஐந்தாவதில் விழுவார். பிரான்ஸுக்கு 11, ஒரே அடிதான் தாங்குவான். தாக்கு இரண்டே புள்ளிதான் ஏறியது, சேத்தின் தாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதே தாக்கை 12 ஆகக் குறைத்தால் சேத்துக்கு ஓர் அடிக்கு ஒன்றுதான் போகும். இருபத்தொன்பது அடி தாங்குவார்! எளிய கடினத்தில் ஒரே ஆளை முன்னால் நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்னால் வேடிக்கை பார்க்கிற ஆட்டம் ஏன் நடக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. யூனிட் சமநிலையும் கடினமும் தனித்தனி விஷயம் இல்லை. கடினத்தை மாற்றினால் தரவரிசை தானே மாறும்.

ஆகவே வாதத்துக்கு வருமுன் உங்கள் ஆளுக்கு இரண்டு எண் கணக்கிடுங்கள். அந்தக் களத்தின் சாதாரண எதிரியை எத்தனை அடியில் விழவைப்பான், அதே எதிரியிடம் எத்தனை அடி தாங்குவான். நாங்கள் பழைய எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவோம். ஒரு சீட்டில் நாலு ஆள் அடங்கும்.

மூன்றாம் படி: வேகத்தில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்

வேகம் கூடக்கூட நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வேகத்துக்கு ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டினால் இரண்டு முறை அடிக்கலாம், தாண்டாவிட்டால் ஒன்றுதான். கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டங்களிலும் திரீ ஹவுசஸிலும் எதிரியைவிட 4 கூட இருக்கவேண்டும். அவேக்கனிங்கில் 5. 2017இல் வந்த ஷேடோஸ் ஆஃப் வாலன்ஷியாவில் ஒன்று கூட இருந்தாலே போதும். கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே நிற்கிறவனும் மூன்று புள்ளி கீழே நிற்கிறவனும் ஒரே அளவுதான் அடிப்பார்கள்.

ஆயுதத்தின் எடையையும் மறக்காதீர்கள். கேம் பாய் ஆட்டங்களில் ஆயுதத்தின் எடை ஆளின் உடற்கட்டைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வேகம் குறையும். சேக்ரட் ஸ்டோன்ஸில் எறியீட்டியின் எடை 11. சேத்தின் உடற்கட்டும் 11, அவருக்கு ஒன்றும் குறையாது. பிரான்ஸின் உடற்கட்டு 9. அதே ஈட்டியை எடுத்தால் அவனுடைய வேகம் 7இலிருந்து 5 ஆகும். எதிரே 8 வேகத்தில் ஒருவன் வந்தால் சேத் இரண்டு முறை எறிவார், பிரான்ஸ் ஒரு முறை. 9 வேகத்தில் வந்தால் பிரான்ஸ்தான் இரண்டு அடி வாங்குவான்.

நான்காம் படி: திரையில் தெரியும் சதவீதத்தை அப்படியே நம்பாதே

2002இல் வந்த பைண்டிங் பிளேடிலும் அடுத்து வந்த கேம் பாய் ஆட்டங்களிலும், அடி படுமா என்று பார்க்க ஆட்டம் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கும். அதனால் திரையில் 90 என்று போட்டிருந்தால் உண்மையில் நூற்றுக்கு 98 தடவை படும். 80 என்றால் 92, 70 என்றால் 82. கீழ்ப்பக்கம் இதற்கு நேர்மாறு: 30 என்று காட்டினால் உண்மையில் 18 தான், 10 என்றால் வெறும் 2. ஐம்பது மட்டும் ஏறக்குறைய ஐம்பதாகவே இருக்கும்.

இதனால் லாபம் யாருக்கு? நம் ஆட்களின் குறி பெரும்பாலும் 70க்கு மேல் இருக்கும், எதிரியின் குறி நம் வேகமான ஆட்கள் மேல் 40க்குக் கீழ் இருக்கும். ஆட்டம் ரகசியமாக நம் பக்கம் சாய்கிறது. அடியைத் தவிர்த்துப் பிழைக்கும் வாள்வீரர்களுக்கு இந்த ஆட்டங்களில் இவ்வளவு பெயர் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒற்றை எண்ணை மட்டும் பார்த்த பழைய ஆட்டங்களில், உதாரணத்துக்கு 1999இன் திராசியா 776இல், 30 என்றால் முப்பதேதான். அங்கே உச்சமும் 99தான், நூறு கிடையாது. கிரிட்டிக்கலுக்கு, அதாவது மும்மடங்காக விழும் அடிக்கு, இந்தச் சலுகை கேம் பாய் ஆட்டங்களிலும் இல்லை: 3 என்று போட்டிருந்தால் மூன்று. அந்த மூன்றுக்குத்தான் எங்கள் மேசையில் அதிகமானோர் ஆளைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: வளர்ச்சி விகிதத்தைக் கணக்காகப் பார், ஆசையாகப் பார்க்காதே

ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒவ்வொரு குணமும் ஒரு புள்ளி கூடுவதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதுதான் வளர்ச்சி விகிதம். பெரிய சண்டை எல்லாம் இங்கேதான் வரும்.

என் சித்தப்பா மகன் நெடுநாளாக ஒரே வாதம் வைத்திருந்தான். "அண்ணே, சேத்தை யூஸ் பண்ணா எக்ஸ்பீ எல்லாம் அவருக்கே போயிடும். பிரான்ஸை வளத்து விட்டீங்கன்னா கடைசில அவன்தான் தூக்குவான். சேத் சின்னப் பசங்க சோத்துல கைய வைக்கிற ஆளு."

"சரிடா தம்பி, எழுதிப் பாப்போம்" என்று சீட்டைத் திருப்பி வைத்தேன்.

பிரான்ஸின் பலத்துக்கு வளர்ச்சி விகிதம் 40 சதவீதம். ஒன்றிலிருந்து பத்தாவது லெவலுக்கு ஒன்பது ஏற்றம். ஒன்பதை 0.4ஆல் பெருக்கினால் 3.6. ஏழோடு கூட்டினால் 10.6. சேத் ஆட்டத்தின் முதல் களத்திலேயே 14 வைத்திருக்கிறார். பிரான்ஸை இருபதாவது லெவல் வரை இழுத்தால் பத்தொன்பது ஏற்றத்துக்கு 7.6 கூடி 14.6 ஆகும். அதாவது சேத் நின்ற இடத்துக்கு வந்து சேரவே பிரான்ஸுக்குப் பதினெட்டு ஏற்றம் வேண்டும்.

"அதுக்குள்ள சேத் நின்ன எடத்துலயா நிப்பாரு?" என்றது பக்கத்தில் இருந்த தங்கச்சி. அவள் திரீ ஹவுசஸ்காரி. எங்களைவிடக் கணக்கில் கெட்டி.

அதுதான் அவன் கவனிக்காதது. சேத்தின் வளர்ச்சியில் பலம் 50, தற்காப்பு 40. பிரான்ஸுக்குப் பலம் 40, தற்காப்பு 25. வேகத்தில் மட்டும் பிரான்ஸுக்கு 50, சேத்துக்கு 45. அதிர்ஷ்டத்திலும் பிரான்ஸ் வேகமாக வளர்வான், ஆனால் சேத் வரும்போதே 13 வைத்திருக்கிறார், பிரான்ஸ் 2. முன்னால் நிற்கிற ஆள் பின்னால் வருகிறவனைவிட வேகமாகவும் ஓடுகிறார் என்றால் யார் யாரை எட்டிப்பிடிப்பது?

தம்பி சீட்டை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஒரு நல்ல கேள்வி கேட்டான்: "இது சராசரி தானே அண்ணே, எனக்கு வர்ற பிரான்ஸ் நல்லா வந்தா?" வரலாம். மோசமாகவும் வரலாம். 40 சதவீதத்தில் ஒன்பது முறை உருட்டினால், மொத்தமாக ஒரு புள்ளியோ அதுவும் இல்லாமலோ வருவதற்கு நூற்றுக்கு ஏழு வாய்ப்பு உண்டு. பதினான்கு பேர் ஆடினால் ஒருவருக்கு அப்படிப்பட்ட பிரான்ஸ் வந்து சேருவான். சேத்தின் 14 எல்லாருக்கும் 14தான். வரும்போதே உள்ள எண் கையில் இருக்கிற காசு மாதிரி, வளர்ச்சி விகிதம் வரவேண்டிய பாக்கி மாதிரி. இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கூட்டாதீர்கள்.

எல்லா மூத்த வீரர்களும் சேத் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முதல் ஆட்டத்தின் ஜேகன் அவ்வளவாக வளராதவர். அவர் பெயரையே இந்த வகை ஆட்களுக்கெல்லாம் ரசிகர்கள் வைத்துவிட்டார்கள். பிளேசிங் பிளேடின் மார்கஸின் வளர்ச்சியில் பலம் 30, வேகம் 25, தற்காப்பு 15. ஆட்டத்தின் பின்பாதியில் அவர் இறங்குவார். ஆனாலும் முன்பாதியில் அவர் தடுத்து நிறுத்துகிற ஒவ்வோர் அடியும் ஓர் இளையவனை உயிரோடு வைக்கிறது. "மூத்தவரைப் பயன்படுத்தாதே" என்று புதியவர்களுக்குச் சொல்லித்தருவது இந்தத் தொடரைப் பற்றிப் பரவிய மிகக் கெட்ட அறிவுரை. அதைக் கேட்டு நான்காவது களத்திலேயே ஆட்டத்தைக் கைவிட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: எப்போது வருகிறான், எவ்வளவு செலவு வைக்கிறான்

ஜேகனுக்கு எதிர்முனையில் எஸ்ட் வகை. முதல் ஆட்டத்தின் எஸ்ட் மாதிரி, தாமதமாக, பலவீனமாக, பெரிய வளர்ச்சி விகிதத்தோடு வருகிறவர்கள். சேக்ரட் ஸ்டோன்ஸில் ரோஸ், அமேலியா, எவன் மூன்று பேரும் பயிற்சி நிலையில் முதல் லெவலில் வருவார்கள், பத்தாவது லெவலில் தொழில் மாறுவார்கள். மூன்று பேருக்கும் ஒரே மதிப்பெண் போடுவது தவறு. ரோஸ் இரண்டாவது சாப்டரில் வருகிறான். அப்போது எதிரே நிற்பவர்கள் கொள்ளைக்காரர்கள், அவனால் சமாளிக்க முடிகிற ஆட்கள். அமேலியா ஆட்டத்தின் நடுப்பகுதியில் வருகிறாள். அதற்குள் எதிரி பெருத்துவிட்டான். அவள் பத்து லெவல் ஏற வேண்டுமானால் இரண்டு பேர் எதிரியைச் சாகவிடாமல் அடித்து அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தவேண்டும்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போன காலத்தைப் பற்றி ஒன்று சொல்வார். புதிதாக வந்த பிள்ளைக்குக் கத்தி பிடிக்கப் பழக்குவது, வெட்டிச் சாய்க்கப் போகிற கிழட்டு மரங்களில். நல்ல மரத்தில் பழகவிட்டால் பட்டை காயப்பட்டுப்போகும், அந்தக் காயம் வருடக்கணக்கில் பாலைக் குறைக்கும். ரோஸுக்குக் கிழட்டு மரம் கிடைக்கிறது. அமேலியா நல்ல மரத்தில் பழகவேண்டியவள்.

களத்தில் இறக்கும் இடங்களுக்கும் எண்ணிக்கை உண்டு. பத்து இடம் இருக்கிற களத்தில் வளர்க்கிற பிள்ளை ஒன்றை இறக்கினால், வளர்ந்த ஆள் ஒருவர் வெளியே உட்காருகிறார். அவர் செய்திருக்கக்கூடிய வேலையும் செலவுக் கணக்கில் சேரும். ரேடியண்ட் டானில் இன்னும் கவனம் வேண்டும். கதை பல பகுதிகளாகப் பிரிந்து படைகள் மாறிமாறி வருவதால், எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும் சில பகுதிகளில் கையிலேயே இருக்கமாட்டார்.

பிடித்ததால் வளர்க்கிறேன் என்பது முழுக்க நியாயமான காரணம். அமேலியாவை நானும் இரண்டு முறை ஜெனரலாக்கியிருக்கிறேன். அந்தக் கனமான கவசத்தில் அவளைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி. ஆனால் சந்தோஷத்தை ஒரு பத்தியிலும் எடையை ஒரு பத்தியிலும் எழுதுங்கள்.

ஏழாம் படி: எண்ணில் அடங்காததைச் சேர்

பறப்பவர்கள் மலையையும் ஆற்றையும் தாண்டிப் போவார்கள். நடனக்காரி தானே பெரிதாக அடிப்பதில்லை, ஆனால் உங்கள் சிறந்த ஆளை ஒரே சுற்றில் இரண்டு முறை இயக்குகிறாள். அதனால் அவளுடைய மதிப்பு உங்கள் சிறந்த ஆளின் மதிப்பு. ஆளைத் தூரத்துக்கு அனுப்பும் வார்ப் கோல் வைத்திருக்கும் மருத்துவர் சில களங்களை இரண்டு சுற்றில் முடித்துவிடுவார். பக்கத்திலும் ஒரு கட்டம் தள்ளியும் அடிக்கிற ஆயுதம் எடுப்பவன் எதிரியின் முறையில் தானாகவே பதிலடி கொடுத்துக் களத்தைக் காலி செய்வான். அமர்ந்து கணக்குப் போடுகிறவர்கள் இவர்களைத்தான் முதலில் மறப்பார்கள்.

எட்டாம் படி: கடினம் எந்த வகை என்று பிரி

"கஷ்டம்" என்ற ஒரு சொல்லில் நாலைந்து வேறு விஷயங்களை அடைத்துவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் ஆட்டத்தைப் பாராட்டுவதா திட்டுவதா என்று தெரியும்.

ஒன்று, எண்ணை ஏற்றுவது. எதிரிக்குப் பலமும் வேகமும் கூட்டிவிடுவது. இரண்டாம் படியில் பார்த்த மாதிரி இரண்டு புள்ளியே போதும், களம் தலைகீழாகும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. பைண்டிங் பிளேடின் ஹார்ட் முறையில், எதிரியாக நின்று பிறகு நம் பக்கம் சேர்கிறவர்கள் சிலர் அந்தக் கூடுதல் புள்ளிகளோடே சேர்வார்கள். நான்காவது சாப்டரில் கிளாரினை அனுப்பிப் பேசவைத்தால் வருகிற ருட்கர் அப்படிப்பட்டவன். மெலடியும் பெர்சிவலும்கூட. நார்மலில் நல்ல வாள்வீரன், ஹார்டில் படையின் தூண். தொடக்கத்திலிருந்தே நம்மோடு இருக்கிறவர்களுக்கோ ஒரு புள்ளியும் கூடுவதில்லை. கடினம் ஏறியதும் ஒருவனுடைய மதிப்பு உயர்கிறது, இன்னொருவனுடைய மதிப்பு சரிகிறது. முதல் படியில் கடினத்தின் பெயரைக் கேட்பது இதற்காகத்தான்.

இரண்டு, தகவலை மறைப்பது. எங்கிருந்தோ புதுப்படை முளைத்து, முளைத்த சுற்றிலேயே வந்து அடிப்பது. அவேக்கனிங்கின் உயர்ந்த கடினங்களிலும், 2019 செப்டம்பரில் இலவசமாகச் சேர்த்த திரீ ஹவுசஸின் மேடனிங் கடினத்திலும் இது உண்டு. ரேடியண்ட் டானின் மிக உயர்ந்த கடினத்தில் எதிரி எவ்வளவு தூரம் எட்டுவான் என்று காட்டும் வசதியையே எடுத்துவிட்டார்கள். கட்டத்தைக் கையால் எண்ணவேண்டும். எனக்கு இந்த வகை பிடிக்காது. முதல் முறை ஆடுகிறவனால் யோசித்துத் தப்பிக்க முடியாத அடி அது. இரண்டாம் முறை ஆடும்போது மனப்பாடம்தான் காப்பாற்றும். திறமைக்கு அங்கே வேலை இல்லை.

மூன்று, எதிரிக்கு வித்தைகளைக் கொடுப்பது. அவேக்கனிங்கின் உச்சக் கடினமான லூனாட்டிக் பிளஸில் எதிரிகளுக்குக் குருட்டாம்போக்கில் கொடிய வித்தைகள் வந்து சேரும். நல்ல சேர்க்கை வரும் வரை சாப்டரைத் திரும்பத் திரும்பத் தொடங்குகிறவர்கள் உண்டு. அதே ஆட்டத்தின் லூனாட்டிக்கில், தொடக்கத்திலேயே வரும் மூத்த வீரர் பிரெடரிக் இல்லாமல் முதல் சில களங்களைத் தாண்டுவது பெரும்பாடு. எளிய கடினத்தில் "அவரை ஓரமாக நிறுத்து" என்று சொல்கிறவர்களே லூனாட்டிக் வந்ததும் அவர் பின்னால் ஒளிகிறார்கள்.

நான்கு, களத்தாலேயே நெருக்குவது. இதற்கு என் மனதில் முதலிடம் 2015இல் வந்த ஃபேட்ஸின் கான்குவெஸ்ட். களத்துக்கு வெளியே போய் இஷ்டத்துக்கு லெவல் ஏற்ற அங்கே வழியில்லை. பத்தாவது சாப்டரில் ஒரு துறைமுகத்தைப் பதினொரு சுற்று காக்கவேண்டும். நாம் வழிகளை அடைத்து, தெருமுனைக்கு ஓர் ஆள் என்று நிறுத்தி, இனி கவலையில்லை என்று மூச்சுவிடும் நேரத்தில் எதிரித் தலைவன் டாக்குமி, டிராகன் வெய்ன் என்ற மந்திர இடத்தை இயக்கித் தண்ணீரை வற்றச் செய்துவிடுவான். கடலாக இருந்த இடம் நடைபாதையாகிவிடும். அடைத்த வழிகள் எல்லாம் வீண். முதல் தடவை எனக்கு மூன்று பேர் போனார்கள். ஆனாலும் எனக்கு அதில் குறை இல்லை. தண்ணீர் கண் முன்னால்தான் இருந்தது, டாக்குமியும் கண் முன்னால்தான் இருந்தான். அடுத்த முறை இரண்டு பேரைப் பின்னால் இருத்திவைத்தேன், காத்துவிட்டேன்.

ஒன்பதாம் படி: கூடி உட்கார்ந்து தரவரிசை போடுவது

ஓர் ஆட்டம், ஒரு கடினம். இரண்டைக் கலக்காதீர்கள். எல்லாரும் அதை ஒரு முறையாவது முடித்திருக்கவேண்டும், அல்லது முடித்த இடம் வரைக்கும்தான் பேசவேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் ஆளுக்கு மூன்று எண் கொண்டுவரட்டும்: வந்த சாப்டரில் எத்தனை அடியில் கொல்வான், எத்தனை அடி தாங்குவான், எத்தனை சாப்டர் கையில் இருப்பான். பிறகு ஆளுக்கு ஆள் ஒப்பிடுங்கள். "நல்லவனா" என்று கேட்காதீர்கள், "இவனா அவனா" என்று கேளுங்கள்.

வாக்கு எடுத்தும் முடியாவிட்டால் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. அந்த ஆளைத் தொடாமல் ஆடிப் பார்ப்பது. அவன் இல்லாதபோது எத்தனை சுற்று கூடுகிறது, யார் விழுகிறார்கள் என்று எழுதிவைப்பது. அதற்கு மேல் வாதம் இல்லை.

தம்பி இப்போது அதைத்தான் செய்கிறான். சேக்ரட் ஸ்டோன்ஸ், டிஃபிகல்ட் முறை, விழுந்தால் விழுந்ததுதான், திரும்ப ஆரம்பிக்கக் கூடாது, கோபுரத்துக்குப் போய் லெவல் ஏற்றக் கூடாது. சேத் கூடவே வருவார், ஆனால் ஆயுதம் எடுக்கமாட்டார். சாப்டருக்கு ஒரு சீட்டு எழுதி ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருக்கிறான். ஐந்து சீட்டு ஆகிவிட்டது. கடைசிச் சீட்டின் அடியில் பென்சிலில் இருக்கிறது: "பிரான்ஸ், லெவல் 8, பலம் 8." ஏழு ஏற்றத்தில் ஒரே ஒரு புள்ளி. அவன் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி மட்டும் அவனுக்கு ஒரு ரொட்டி சானாய் சொல்லிக் கொடுத்தாள்.

வருகிற சனிக்கிழமை ஆறாவது சாப்டர். பனிமூட்டக் களம். ஓரத்தில் மூன்று கிராமத்தார் மாட்டிக்கொண்டிருப்பார்கள், சிலந்திகள் அவர்களை நோக்கி நகரும். மூன்று பேரையும் காப்பாற்றினால், வில்வீரரின் நிலையை உயர்த்தும் ஓரியன்ஸ் போல்ட் கிடைக்கும். ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கிறோம். ஆடப் போகிறவர்கள் முழு சார்ஜோடு வாருங்கள், கடையில் ஒரு பிளக்தான் இருக்கிறது.